பந்து சொல்வதை எழுதட்டும்



பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி நடைபெறும் நாள் நெருங்கினால் இல்லந்தோறும் ஒரு பரபரப்புத் தோன்றிவிடுகிறது. தெர்மாகோல் அட்டைகளும் வண்ணக் காகிதங்களும் பசைக் குப்பிகளும் கூடத்தை நிறைக்கின்றன. தந்தை நள்ளிரவுவரை விழித்திருந்து எரிமலை கட்டுகிறார். தாய் அதற்கு வண்ணம் தீட்டுகிறார். பிள்ளையோ பாயில் உறங்குகிறது. மறுநாள் அப்பிள்ளை அந்த எரிமலையின் அருகில் நின்றுகொண்டு, மனப்பாடம் செய்த பத்து வரிகளை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறது. பொருள் வசதி உடைய சிலர், செய்து முடித்த மாதிரியைக் கடையிலேயே விலைக்கு வாங்கி அனுப்பிவிடுகின்றனர். அதற்கு வழியில்லாத கூலித் தொழிலாளியின் பிள்ளை, தன்னிடம் கொண்டுசெல்ல ஒன்றுமில்லையே என்று கூசி, அன்று பள்ளிக்கே போகாமல் நின்றுவிடுவதும் உண்டு.

இந்த இரு பிள்ளைகளுமே அன்று ஏமாற்றப்படுகின்றனர். ஒருவன் தான் செய்யாததைச் செய்ததாகச் சொல்லக் கற்றுக்கொள்கிறான். மற்றவன் அறிவியல் என்பது பணம் படைத்தோர்க்கு உரியது என்று நம்பிவிடுகிறான். இரண்டுமே பொய். இவ்விரு பொய்களில் எது பெரிது என்று என்னால் சொல்ல இயலவில்லை.

அண்மையில் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "சாமி, என் மகன் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். ஏதாவது ஒரு சோதனை செய்து வரும்படி ஆசிரியர் சொல்லியிருக்கிறார். இவனுக்கோ பந்தும் மட்டையும் தவிர வேறு நினைவே இல்லை. நான் என்ன செய்வது?" நான் சொன்ன மறுமொழி இதுதான்: "அம்மா, கவலையை விடுங்கள். அந்தப் பந்தையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்." அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக உங்கள் அனைவர்க்கும் இங்கே எழுதுகிறேன். 6, 7, 8ஆம் வகுப்புகளில் பயிலும் பிள்ளைகளை உடைய ஒவ்வோர் இல்லத்திற்கும் இது பயன்படும்.

முதலில் கேள்வி

மாதிரி வேறு, சோதனை வேறு. எரிமலையின் உருவத்தைச் செய்து காட்டுவது மாதிரி. அது அழகாக இருக்கலாம். ஆனால், அது எந்தக் கேள்விக்கும் விடை தேடுவதில்லை. சோதனையோ கேள்வியிலே பிறக்கிறது. அக்கேள்வி, அளந்து பார்த்து விடை காணக்கூடிய கேள்வியாக இருத்தல் வேண்டும்.

"கிரிக்கெட்டைப் பற்றி ஒரு சோதனை" என்று சிறுவன் சொன்னால், அது கேள்வி அன்று, வெறும் தலைப்பு. "எந்தப் பந்து நல்லது?" என்றால், அது கேள்விதான், ஆயினும் 'நல்லது' என்பதை எந்த அளவுகோலால் அளப்பது? அவனை இன்னும் சற்று யோசிக்க விடுங்கள். தெருவில் விளையாடும் பிள்ளைக்கு அனுபவத்தில் தெரிந்த செய்திகள் பல உண்டு. மார்கழிக் காலையில் மந்தமாக எழும்பும் ரப்பர் பந்து, சித்திரை வெயிலில் துள்ளிப் பாய்வதை அவன் கண்டிருக்கக்கூடும். அங்கேதான் கேள்வி இருக்கிறது: "பந்தின் வெப்பநிலை மாறினால், அது துள்ளி எழும் உயரமும் மாறுமா?"

இதோ, அளக்கக்கூடிய கேள்வி கிடைத்துவிட்டது! இதற்கு வேண்டிய பொருள்கள்: ஒரு பந்து, ஓர் அளவுநாடா, நீண்ட காகிதம், ஒரு பென்சில், சிறிது பனிக்கட்டி. கூலித் தொழிலாளியின் வீட்டிலும் இது நடக்கும்.

ஒன்றை மாற்று, மற்றவற்றை மாற்றாதே

சோதனையின் உயிர்நாடி ஒரே ஒரு விதி: ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், ஒன்றை அளக்க வேண்டும், எஞ்சியவை யாவும் மாறாமல் இருக்க வேண்டும். இங்கே மாறுவது பந்தின் வெப்பநிலை. அளக்கப்படுவது துள்ளும் உயரம். பந்து, தரை, கைவிடும் உயரம், கைவிடும் முறை ஆகியவை மாறலாகாது. குளிர்ந்த பந்தைத் திண்ணையிலும் சூடான பந்தை மண் தரையிலும் போட்டுப் பார்த்தால், வேறுபாடு வெப்பத்தால் வந்ததா, தரையால் வந்ததா என்று யாரால் சொல்ல இயலும்?

இனி, செய்யும் முறை. சிமெண்டுத் தரையை ஒட்டிய சுவரில் காகிதத்தை நெட்டாக ஒட்டி, தரையிலிருந்து 150 செ.மீ. வரை ஒவ்வொரு செ.மீட்டருக்கும் கோடிடச் செய்யுங்கள். பந்தின் அடிப்பகுதி 150 என்ற கோட்டிற்கு நேராக இருக்குமாறு பிடித்து, அதை எறியாமலும் தள்ளாமலும் விரல்களை விரித்துக் கைவிட வேண்டும். அது துள்ளி எழுந்து உச்சியில் ஒரு கணம் தயங்கி நிற்கும். அப்போதும் பந்தின் அடிப்பகுதி எந்தக் கோட்டிற்கு நேராக உள்ளது என்பதையே குறிக்க வேண்டும். கைவிடும்போது அடிப்பகுதியையும், எழும்போது மேற்பகுதியையும் பார்த்தால், பந்தின் பருமன் முழுவதும் பிழையாகக் கணக்கில் சேர்ந்துவிடும்.

அந்த ஒரு கணத்தைக் கண்ணால் பிடிப்பது எளிதன்று. முதலில் ஓரிரு முறை வெறுமனே போட்டுப் பார்த்து, பந்து எந்த அளவில் நிற்கிறது என அறிந்து, பின்னர் கண்ணை அம்மட்டத்திற்கு நேராகக் கொண்டுசென்று காத்திருக்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்தாலோ கீழிருந்து அண்ணாந்து பார்த்தாலோ கோடு தவறாகத் தெரியும். வீட்டில் கைப்பேசி இருப்பின், அதை அம்மட்டத்தில் அசையாமல் நிறுத்திப் படம் பிடித்து, மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். இல்லையேல், தம்பியோ தங்கையோ கோட்டைப் பார்த்துச் சொல்லலாம்; குறை ஒன்றுமில்லை.

வெப்பநிலைகள் மூன்று. முதலாவது, வீட்டில் இயல்பாகக் கிடக்கும் பந்து. இரண்டாவது, ஈரம் புகாத நெகிழிப் பையில் கட்டி, பனிக்கட்டி நிறைந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரம் புதைத்து வைத்த பந்து. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டார் மீன் கடையில் சிறிது பனிக்கட்டி கேட்டு வாங்கலாம். மூன்றாவது, அதேபோலப் பையில் கட்டி, கை பொறுக்கும் சூடுடைய வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்த பந்து. நீர் ஆற ஆறச் சூட்டை நிரப்ப வேண்டும். அதைப் பெரியவர்களே செய்யுங்கள். ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே ஐந்து நிமிடம் வைத்து எடுத்தால் தோல் மட்டுமே குளிரும். உள்ளே பழைய நிலைதான். நனைந்த பந்து கனக்கும் என்பதாலேயே பை வேண்டும் என்றேன். வெளியே எடுத்ததும் தாமதியாமல் இருமுறை போட்டு, மீண்டும் பையில் கட்டிச் சில நிமிடங்கள் பனிக்கட்டிக்குள் வைத்து, பிறகு தொடர வேண்டும்.

நீரின் வெப்பநிலையை அளப்பதற்குப் பள்ளி ஆய்வகத்து வெப்பமானியைக் கேட்டு வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உடலின் சூட்டை ஒட்டிய சில பாகைகளை மட்டுமே காட்டும். பனிக்கட்டிக்கு அது உதவாது.

ஒருமுறை போதாது

சிறுவர்கள் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, "முடிந்தது!" என்று எழுந்து ஓடுவர். ஒரே ஒரு முறை கண்டது தற்செயலாகவும் இருக்கலாம் அல்லவா? ஒவ்வொரு நிலையிலும் ஐந்து முறையேனும், கூடுமானால் பத்து முறையும் போட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, இயல்பான பந்து 80, 82, 79, 81, 78 செ.மீ. எழுந்தது என்று கொள்வோம். கூட்டினால் 400, சராசரி 80. குளிர்ந்த பந்து 71, 73, 70, 72, 69 என எழுந்ததாகக் கொள்வோம். கூட்டினால் 355, சராசரி 71. குளிர்ந்த பந்தின் மிகப் பெரிய எண்ணாகிய 73, இயல்பான பந்தின் மிகச் சிறிய எண்ணாகிய 78ஐத் தொடவில்லை. ஆகவே வேறுபாடு மெய்யானது என்று துணியலாம். மாறாக, ஒரு சராசரி 80, மற்றொன்று 79 என வந்திருப்பின்? ஒரே நிலையில் உள்ள பந்தே 78க்கும் 82க்கும் இடையில் ஊசலாடும்போது, அந்த ஒரு செ.மீட்டரை நம்பித் தீர்ப்புக் கூறலாகாது. இச்சிறு நுட்பத்தை ஏழாம் வகுப்பில் உணர்ந்துகொண்ட பிள்ளை, பின்னாளில் செய்தித்தாளில் வரும் எந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாது.

இது விளையாட்டுப் பிள்ளைகளின் வேடிக்கை என்று எண்ண வேண்டா. டென்னிஸ் பந்துகளைப் பன்னாட்டுப் போட்டிக்கு ஏற்பதற்குமுன், சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு இதே சோதனையைத்தான் செய்கிறது. பெரும்பாலான போட்டிகளில் பயன்படும் வகைப் பந்து 254 செ.மீ. உயரத்திலிருந்து கெட்டியான தளத்தின்மீது விடப்பட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும். அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 53 முதல் 58 பங்கு. அச்சோதனைக்குமுன் பந்து 20 பாகை செல்சியசில் வைக்கப்பட வேண்டும் என்றும் விதி உண்டு. பந்தின் துள்ளலுக்கும் வெப்பநிலைக்கும் உறவு உண்டு என்பதை அறிந்தே அவ்விதியை வகுத்துள்ளனர். ஸ்குவாஷ் ஆடுவோரும் ஆட்டம் தொடங்குமுன் பந்தைச் சுவரில் பலமுறை அடித்துச் சூடேற்றிக்கொள்வர்.

காரணம் என்ன? தரையில் மோதும் பந்து ஒரு கணம் நசுங்குகிறது. உடனே தன் பழைய வடிவத்திற்கு மீள்கிறது. அந்த மீட்சியே அதை மேலே உந்துகிறது. நசுங்கி மீளும்போது ஆற்றலில் ஒரு பகுதி சூடாகவும் ஓசையாகவும் கழிந்துவிடுவதால், பந்து விட்ட உயரத்திற்குத் திரும்ப வருவதில்லை. ரப்பர் என்பது சிக்கிக் கிடக்கும் நூற்கண்டு போன்ற நீண்ட மூலக்கூறு இழைகளால் ஆனது. குளிரில் அவ்விழைகள் சோம்பிவிடுகின்றன, மீள்வது மந்தமாகிறது, கழியும் ஆற்றல் மிகுகிறது. உள்ளீடற்ற பந்தாயின், உள்ளே உள்ள காற்றின் அழுத்தமும் குளிரில் குறைகிறது. அப்படியாயின் இறங்குமுகத்திற்குக் காரணம் ரப்பரா, காற்றா? சுறுசுறுப்பான பிள்ளை இதைக் கேட்டால் மகிழுங்கள். உள்ளே காற்றில்லாத கெட்டி ரப்பர் பந்தைக் கொண்டு மீண்டும் செய்து பார்க்கட்டும். நல்ல சோதனை ஒன்று அடுத்த கேள்வியை ஈன்றே தீரும்.

கண்டதையே எழுது

இனி, இக்கட்டுரையின் இதயத்திற்கு வருவோம். பிள்ளை எதிர்பார்த்த எண் வரவில்லை என்றால் என்ன செய்வது? குளிர்ந்த பந்து ஒருமுறை அதிகமாகத் துள்ளிவிட்டது. "அப்பா, இது சரியாக வரவில்லை, 70 என்று எழுதிவிடட்டுமா?" என்று கேட்கிறான். அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் விடை, கண்காட்சியின் பரிசைவிடப் பெரிது. "எழுதிவிடு, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று சொன்னால், ஒரு பந்தைப் பற்றி மட்டுமா பொய் சொல்லக் கற்பிக்கிறீர்கள்?

17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோஞா நகரில் ஜோவான்னி பத்தீஸ்தா ரிச்சியோலி என்னும் இயேசு சபைக் குரு வாழ்ந்தார். பூமி கதிரவனைச் சுற்றுகிறது என்ற கலிலேயோவின் கொள்கையை அவர் ஏற்றவரல்லர். விழும் பொருள்கள் வேகம் பெறுவது குறித்துக் கலிலேயோ கூறிய விதியிலும் அவருக்கு ஐயம் இருந்தது. ஆயினும் அவர் வாதத்தோடு நின்றுவிடவில்லை; அளந்து பார்க்கத் துணிந்தார். அதற்கு நுட்பமான கடிகாரம் வேண்டுமே! ஊசலைக் கொண்டு காலத்தை அளக்க முடிவு செய்து, அவ்வூசல் ஒரு முழு நாளில் எத்தனை முறை ஆடுகிறது என்பதை 1642இல் தம் சபையினர் ஒன்பது பேரின் துணைகொண்டு எண்ணச் செய்தார். ஏறத்தாழ 87,000 ஆட்டங்களை அவர்கள் முறைவைத்து எண்ணினர்! பின்னர், ஏறத்தாழ 97 மீட்டர் உயரமுள்ள அசினெல்லி கோபுரத்திலிருந்து கிரிமால்தி என்னும் தோழரோடு பந்துகளை விழச் செய்து பலமுறை அளந்தார். விளைவு? கலிலேயோவின் விதி சரியே என்று பந்துகள் கூறின. ரிச்சியோலி அதை மறைக்கவில்லை. 1651இல் வெளியிட்ட தம் பெருநூலில், தாம் எதிர்த்து நின்றவருக்குச் சார்பான அந்த எண்களையே ஒழுங்காகப் பதிவு செய்தார். தம் விருப்பத்தைவிடப் பந்தின் சாட்சியத்தை அவர் பெரிதாக மதித்தார்.

உண்மையைப் புறக்கணித்தால் விளைவு என்னவாகும் என்பதற்கு மற்றொரு நிகழ்ச்சி. 1986 ஜனவரி 28ஆம் நாள், அமெரிக்காவின் 'சேலஞ்சர்' விண்வெளி ஓடம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறிற்று. அதில் இருந்த எழுவரும் மாண்டனர். அவர்களுள் கிறிஸ்டா மெக்காலிஃப் என்னும் பள்ளி ஆசிரியையும் ஒருவர். ஓடத்தின் பக்க ராக்கெட்டுகளில், இணைப்புகளை அடைத்திருந்த ரப்பர் வளையங்கள் அன்றைய கடுங்குளிரில் மீளும் தன்மையை இழந்திருந்தன. வெப்ப வாயு கசிந்தது. குளிரில் அவ்வளையங்களை நம்பலாகாது என்று பொறியியலாளர் சிலர் முந்தின இரவே எச்சரித்திருந்தனர். அவர்கள் சொல் எடுபடவில்லை. பின்னர் நடந்த விசாரணையில், ரிச்சர்டு ஃபைன்மன் என்னும் இயற்பியலறிஞர் அந்த ரப்பரில் ஒரு துண்டைக் கவ்வியில் இறுக்கி, மேசைமீதிருந்த பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி எடுத்துக் காட்டினார். கவ்வியைத் தளர்த்திய பின்னரும் அது உடனே பழைய வடிவத்திற்கு மீளவில்லை. உங்கள் மகன் சமையலறையில் பனிக்கட்டியையும் ரப்பர் பந்தையும் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வியும் அதுவேயன்றோ?

பெற்றோரின் பங்கு

அப்படியாயின் பெற்றோர் கைகட்டி நிற்க வேண்டுமா? இல்லை. நாடாவின் மறுமுனையைப் பிடியுங்கள். வெந்நீரை நீங்கள் ஊற்றுங்கள். "இதை ஏன் மாற்றினாய்?" "இன்னொரு முறை போட்டுப் பார்த்தாயா?" என்று கேளுங்கள். ஆனால் பந்தைக் கைவிடுவதும், கோட்டைப் பார்ப்பதும், எண்ணை எழுதுவதும் பிள்ளையின் வேலை. அதன் கோணல் எழுத்தே அட்டையில் இருக்கட்டும். கணக்கேடு ஒன்று கொடுத்து, நாள், நேரம், நடந்த தவறு, மாற்றிய முறை யாவற்றையும் உடனுக்குடன் எழுதச் செய்யுங்கள். பொருந்தாத எண் வந்தால் அதை அழிக்காமல், அருகிலேயே, "கை தள்ளிவிட்டது என எண்ணுகிறேன்" என்பதுபோலக் காரணத்தைக் குறிக்கட்டும். முடிவில், "இந்தப் பந்து, இந்தத் தரையில் இவ்வாறு துள்ளியது" என்று கண்ட அளவுக்கு மட்டுமே சொல்லட்டும். உலகிலுள்ள பந்துகள் அனைத்திற்கும் அவன் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

மகளுக்கு வேறு விளையாட்டில் நாட்டம் எனில், அதிலிருந்தே கேள்வி பிறக்கட்டும். இறகுப்பந்து ஆடும் சிறுமி, தன் கையின் விரைவை ஓர் அளவுகோலால் அளக்கலாம். தோழி அளவுகோலின் மேல்முனையைப் பிடித்துத் தொங்கவிட்டு, சொல்லாமல் கைவிட வேண்டும். கீழே சுழியத்திற்கு நேராக விரல்களை விரித்து வைத்திருப்பவள் அதைப் பிடிக்க வேண்டும். 20 செ.மீ. நழுவிய பின் பிடித்தால் சென்ற காலம் ஏறத்தாழ 0.20 விநாடி, 15 செ.மீ. எனில் ஏறத்தாழ 0.175 விநாடி. வலக்கைக்கும் இடக்கைக்கும் வேறுபாடு உண்டா? காலையைவிட மாலையில் கை மந்தமா? இங்கும் அதே விதிதான்: ஒன்றை மாற்று, பலமுறை அளந்து பார், கண்டதை எழுது.

கண்காட்சி நாளன்று நடுவர் வந்து, "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார். விலைக்கு வாங்கிய எரிமலையின் அருகில் நிற்கும் பிள்ளை அக்கேள்விக்குத் திகைக்கும். பந்தைப் போட்டுப் பார்த்த பிள்ளையோ, "நானே அளந்தேன், ஐயா" என்று நிமிர்ந்து சொல்லும். பரிசு கிடைத்தால் மகிழுங்கள். கிடைக்காவிட்டால் வருந்தாதீர்கள். கண்டதைக் கண்டபடி எழுதத் தெரிந்த பிள்ளையை வளர்த்திருக்கிறீர்கள். அதைவிட உயர்ந்த பரிசைப் பள்ளியால் தர இயலாது. அதை வீடுதான் தர வேண்டும்.